அக்கா ஏன் மறக்க வேண்டும்?

கேள்வி: சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவன் நான். ஆனால் எட்டு வருடங்களுக்கு முன்புதான் இரட்சிக்கப்பட்டேன். அதற்கு முந்தைய வாழ்க்கையை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது. குடி, கடன், பொய். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். பேங்க் லோனுக்குக் கையெழுத்து வேண்டும் என்று அக்காவிடம் சொல்லி, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, வீட்டையும் தோட்டத்தையும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார் என்ற நிச்சயம் இருக்கிறது. ‘பின்னானவைகளை மறந்து’ என்பதுதான் இந்த வருடம் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்தம். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வர வாஞ்சிக்கிறேன். அக்காவோ குடும்ப விசேஷங்களில் எல்லாம் பழைய கதையை எடுத்து என்னைத் தலைகுனிய வைக்கிறார். அவருக்கு மன்னிக்கும் இருதயம் வரவும், நான் கடந்த காலத்திலிருந்து விடுபடவும் வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: சகோதரரே, உங்கள் கடிதத்தில் குடி இருக்கிறது, கடன் இருக்கிறது, வெட்கம் இருக்கிறது. அந்தத் தோட்டம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் காணோம். திருப்பிக் கொடுத்திருந்தால் அதைத்தானே முதலில் எழுதியிருப்பீர்கள்? இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

அப்படியானால் இதைக் கடந்த காலம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தோட்டத்தில் போன தடவை காய் வெட்டிய பணம் யார் கைக்கு வந்தது? அதில் தசமபாகம்கூட ஒழுங்காக எடுத்து வைத்திருப்பீர்கள். உங்கள் அக்கா விசேஷ வீட்டில் கேட்பது அந்தப் பணத்தில் தன் பாதியைத்தான். இந்தியக் கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைகளின் பங்கு மகனுக்கும் மகளுக்கும் சமம் என்று 1925-ஆம் வருட வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. அவர் பங்கை அவரிடமே பொய் சொல்லி எழுதி வாங்கியிருக்கிறீர்கள்.

சரி, உங்கள் வாக்குத்தத்தத்துக்கு வருவோம். பிலிப்பியர் 3:13. புத்தாண்டு ஆராதனை முடிந்து தட்டில் நீட்டும் அட்டைகளில் இந்த வசனம் இல்லாத வருடம் உண்டா, தெரியவில்லை. அட்டையில் இடம் கம்மி, முன்னால் வரும் வசனங்களை அச்சடிக்க முடியாது. ஆகவே வேதாகமத்தை எடுத்து அதே அதிகாரத்தை நான்காம் வசனத்திலிருந்து வாசியுங்கள். அந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் எதையெல்லாம் குப்பை என்று தள்ளுகிறார்? எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன், பரிசேயன், குற்றஞ்சாட்டப்படாதவன். பிறப்பு, குலம், நல்ல பெயர், பக்தியில் பெருமை. நம் ஊரில் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது சொல்லிக்கொள்கிற சங்கதிகள். சபையைத் துன்பப்படுத்தியதுகூட அங்கே வைராக்கியத்துக்குச் சான்றாகத்தான் வருகிறது. பவுல் பின்னால் விட்டுவிட்டு ஓடியது முக்கியமாக இந்தப் பெருமைகளை.

தான் செய்த கொடுமையை அவர் மறக்கவில்லை. சபையின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது கொன்றவர்களின் வஸ்திரங்களைக் காத்து நின்றேன் என்று எருசலேமில், தன்னையே கொல்லத் துடித்த கூட்டத்துக்கு முன்னால் நின்று சொல்கிறார் (அப்போஸ்தலர் 22). அப்போஸ்தலன் என்று பேர்பெறவும் நான் பாத்திரன் அல்ல என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். யாரும் குத்திக்காட்டி அவர் இதைச் சொல்லவில்லை. பிலேமோனுக்கு எழுதிய ஒரே அதிகாரக் கடிதத்தையும் பாருங்கள். பிலேமோனை விட்டுப் போய், பிறகு விசுவாசத்துக்கு வந்த அடிமை ஒநேசிமு. அவன் இப்போது புதுச்சிருஷ்டி, பழைய பாக்கியை விட்டுவிடும் என்றா எழுதினார்? அவன் பட்ட கடன் இருந்தால் என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று சொந்தக் கையாலே எழுதிக் கொடுத்தார்.

ஜான் நியூட்டன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடிமைக் கப்பல் ஓட்டியவர், புயலில் சிக்கினார், மனம் திரும்பினார், போதகரானார், ‘அமேசிங் கிரேஸ்’ என்று உலகமே பாடும் பாட்டை எழுதினார் என்று நம் மேடைகளில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். வருடங்களைப் போட்டுப் பார்த்தால் கதை அவ்வளவு சுகமாக இல்லை. புயல் அடித்தது 1748-இல். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனே ஆனார். ஜெபித்துக்கொண்டும் வேதம் வாசித்துக்கொண்டும் மனிதர்களை ஏற்றிக்கொண்டு போனார். 1754-இல் கடலை விட்டதும் உடம்பு முடியாமல் போனதால்தான், மனசாட்சி உறுத்தியதால் அல்ல. 1764-இல் குருப்பட்டம். ஊரெல்லாம் பேர் சொல்லும் பிரசங்கியாராகிவிட்டார். ‘பழையவைகள் ஒழிந்துபோயின’ என்று அத்தோடு அவர் இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1788-இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தலைகளை எண்ணிப் பணம் பார்த்தவர் உள்ளதை உள்ளபடி எழுதினார். கப்பலின் அடித்தட்டு உயரம் சில சமயம் ஐந்து அடிக்குக் கொஞ்சம் மேல், சில சமயம் அதற்கும் குறைவு. அந்த உயரத்தையும் நடுவில் பலகை அடித்து இரண்டாகப் பிரிப்பார்கள். அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல மனிதர்களை நெருக்கிப் படுக்க வைப்பார்கள், இன்னொருவரைச் செருகவும் இடம் இருக்காது என்றார். இந்த ஒப்புதல் காலம் கடந்து வருகிறது என்பதையும் அவரே சொன்னார். பிரிட்டிஷ் அரசின் விசாரணையில் சாட்சி சொன்னார். 1807 மார்ச்சில் அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது, அந்த டிசம்பரில் அவர் இறந்தார். அவருடைய விசுவாசத்துக்கு நோக்கம் எங்கிருந்து வந்தது? எதை மறைத்தால் மரியாதையாக இருந்திருக்குமோ அதிலிருந்துதான். (முப்பது சொச்சம் வருடம் தாமதித்ததை நான் மெச்சவில்லை. கப்பலில் கிடந்தவர்களுக்கு அந்தத் தாமதத்தால் என்ன ஆயிற்று என்று யோசித்தால் பாட்டுகூடத் தொண்டையில் நிற்கிறது.)

நியூட்டனிடம் 1785-இல் ஒரு இளம் எம்.பி. ரகசியமாகப் போனார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர், அரசியலை விட்டுவிடலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தார். இருக்கிற இடத்திலேயே இரு என்று நியூட்டன் சொன்னார். அவர் பெயர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். பாராளுமன்றத்தில் அடிமை வியாபாரத்துக்கு எதிராக இருபது வருடம் போராடியவர். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன், காரணம் மட்டும் இன்னும் சாதாரணமானது. வேலையை விட்டுவிட்டால் அக்காவுக்குச் சேர வேண்டியதை எதை வைத்துக் கொடுப்பீர்கள்? திருடுகிறவன் இனித் திருடாமல், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகத் தன் கைகளினால் வேலை செய்யட்டும் என்று எபேசியர் 4:28 சொல்கிறது. உங்கள் முழுநேர ஊழியம் அதுவாக இருக்கட்டும்.

அக்காவுக்கு மன்னிக்கும் இருதயம் வேண்டும் என்கிறீர்கள். யோசேப்பு தன் வருத்தம் எல்லாவற்றையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்று மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தான். குழியில் தள்ளப்பட்டவன் சொன்ன வார்த்தை அது. தள்ளிய அண்ணன்மார் இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும், அவன் கெஞ்சியதைக் கேளாமல் போனோமே என்று எகிப்தில் நின்று புலம்பினார்கள். உங்கள் அக்கா கடிதம் எழுதியிருந்தால், கசப்பை எப்படி இறக்கி வைப்பது என்று அவரோடு பேசியிருப்பேன். நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

ஆக, பத்திரம் எழுதுகிறவரைப் பாருங்கள். அக்காவின் பங்கைத் திருப்பி எழுதிக்கொடுக்கும் வழியை அவர் சொல்வார். வீட்டைப் பிரிக்க முடியாதென்றால் பணமாகக் கொடுங்கள், அப்பா இறந்த வருடத்து விலையில் அல்ல, இன்றைய விலையில். இத்தனை வருடத்து வருமானத்தில் அவர் பாதியும் பாக்கி இருக்கிறது. அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, கொடுப்பேன் என்று வரி வசூலிக்கும் ஆயக்காரன் சகேயு சொன்னான். இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதைக் கேட்ட பிறகுதான். (கொடுத்து இரட்சிப்பை வாங்கினான் என்று நான் சொல்லவில்லை, போதகர்கள் தயவுசெய்து கடிதம் எழுத வேண்டாம்.) முதலில் மனைவியிடம் சொல்லிவிடுங்கள், பாதிச் சொத்து போகிறது என்றால் வீட்டில் பேச்சு வரும். அக்கா வாங்கிக்கொண்ட பிறகும் முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம். அது அவர் இஷ்டம்.

கடிதத்தின் கடைசியில் உங்கள் ஊழியத்துக்கு ஒரு நல்ல பெயர் கேட்டிருந்தீர்கள், அச்சில் அந்த வரியை எடுத்துவிட்டேன். பத்திரம் பதிவான பிறகு எழுதுங்கள், யோசிக்கலாம்.