பதில்: அம்மாவின் முழங்கால் மடங்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணை உதவ விடலாமா?

மூட்டு மாற்றி மூன்று வாரம், 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை, பிசியோ காரைக்குடியிலிருந்து வாரம் ஒருமுறைதான் வருகிறார், பக்கத்து வீட்டுப் பெண் தினமும் வருகிறேன் என்கிறார், விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக விடுங்கள். தேவகோட்டையில் என் அப்பத்தாவை நடக்க வைத்ததே அப்படி வந்த ஒரு அக்காதான்.

ஆனால் அந்தப் பெண் அம்மாவின் காலைப் பிடித்து மடக்கவே கூடாது. அம்மாவே மடக்க வேண்டும், அவர் எண்ணிக்கை சொன்னால் போதும். அந்த அக்கா வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) நாற்காலி போட்டு, அப்பத்தா பாதத்துக்கடியில் பழைய துண்டை விரித்துப் பின்னால் இழுக்கச் சொல்வார். பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக் கல்லில் துண்டு சொகமாக வழுக்கும். "நேத்து இந்தப் பூ வரைக்கும் வந்துச்சு ஆச்சி, இன்னைக்கு அடுத்த பூ" என்பார். அப்பத்தாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது! (நடக்கும்போது அதே கல் ஈரமாக இருந்தால் ஆபத்து, பார்த்துக்கொள்ளுங்கள்.)

வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். படுக்கும்போது முட்டிக்கடியில் தலையணை வேண்டாம், கால் நீட்ட வராமல் போய்விடும். நிலைப்படி ஏற நல்ல கால் முதலில், இறங்க ஆபரேஷன் கால் முதலில்.

இந்த 70 டிகிரி விஷயத்தைச் சர்ஜனிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் உள்ளே தழும்பு இறுகும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தையலில் நீர் கசிந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இதை அந்தப் பெண்ணிடமும் சொல்லி வையுங்கள். அடுத்த முறை பிசியோ வரும்போது அந்தப் பெண்ணையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.