42 மான்கள்

அன்புள்ள ஐயா,

உயிரினங்களின் பெருக்கம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு சந்தேகம். எந்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று விலங்குகளுக்கு இயல்பாகவே தெரியும்தானே? லெம்மிங் என்னும் துருவப்பகுதி எலிகள், கூட்டம் பெருத்துவிட்டால் கடலில் குதித்து உயிரை விட்டுவிடுமாம். மனிதனுக்கு மட்டும் ஏன் அந்த அறிவு இல்லை?

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்த எலிகள் மேலுள்ள பழியைத் துடைத்துவிடுவோம். அவை தற்கொலை செய்துகொள்வதில்லை. 1958இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் அவை பாறையிலிருந்து விழும் காட்சி உண்டு. படக்குழுவே தள்ளிவிட்டு எடுத்தது அது. நிஜத்தில் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை லெம்மிங்குகள் ஏகமாகப் பெருகும். நெரிசல் தாங்காமல் வேறிடம் தேடிக் கிளம்பும். வழியில் ஆறோ ஏரியோ வந்தால் நீந்திப் பார்க்கும், சில மூழ்கிப்போகும். ஆந்தைக்கும் நரிக்கும் இரையாவது போக இது சொற்பம்தான்.

விலங்குக்கு அளவு தெரியுமா என்று கேட்டால் எனக்கு செயின்ட் மேத்யூ தீவுதான் நினைவுக்கு வரும். அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது அங்கே தங்கியிருந்த வீரர்களுக்கு ஆபத்துக்கு உணவாக உதவட்டும் என்று 1944இல் 29 பனிமான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். போர் முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. தீவில் ஓநாய் கிடையாது. தரையெல்லாம் மெத்தை மாதிரி கற்பாசி, அதுவும் மிக மெதுவாக வளர்கிற வகை. டேவிட் கிளைன் என்ற ஆய்வாளர் 1957இல் போனபோது 1,350 மான்கள், எல்லாம் கொழுகொழுவென்று. 1963இல் 6,000. ஆனால் உடல் எடை குறைந்திருந்தது, கன்றுகளும் குறைவு. பாசி மெத்தை தேய்ந்துபோயிருந்தது. அடுத்து வந்த குளிர்காலம் கடுமையானது. 1966இல் அவர் மறுபடி போய் இறங்கியபோது தீவெங்கும் வெளுத்த எலும்புக்கூடுகள். உயிரோடு இருந்தவை 42. அதில் ஒன்றே ஒன்றுதான் ஆண், அதுவும் கொம்பு சரியாக வளராதது. ஒரு கன்றுகூட இல்லை.

எல்லா இடத்திலும் இப்படி ஒரேயடியாகச் சரிவதில்லை என்பதும் நிஜம். பெரும்பாலும் கணக்கு நம் கண்ணுக்குப் படாமலே தீர்ந்துவிடும். பட்டாணிக்குருவி இனத்துப் பறவை ஒரு தடவைக்கு எட்டு ஒன்பது முட்டையிடும். அப்படியும் காட்டில் குருவிகள் கூடாமல் குறையாமல் இருக்கின்றன என்றால், ஒரு ஜோடி ஆயுள் முழுக்க இட்ட முட்டைகளில் சராசரியாக இரண்டுதான் வளர்ந்து அவற்றின் இடத்துக்கு வருகின்றன. மற்றவை முட்டையிலேயோ கூட்டிலேயோ முதல் குளிரிலேயோ போய்விடும்.

அப்புறம், நீங்கள் சொல்லும் 'நிறுத்திக்கொள்வது' போலத் தோன்றும் ஒன்று உண்டு. இந்தக் குருவிகளில் ஒவ்வொரு ஜோடியும் காட்டில் தனக்கென்று எல்லை வகுத்துக்கொள்ளும். இடம் கிடைக்காதவை வேலியோரப் புதர்களில் ஒதுங்கும். பார்ப்பவருக்கு என்ன அடக்கம் என்று தோன்றும். ஆக்ஸ்போர்டுக்கு அருகே வைத்தம் காட்டில் ஜான் கிரெப்ஸ் என்ற பறவை ஆய்வாளர் சில ஜோடிகளை அகற்றிப் பார்த்தார். வேலியோரக் குருவிகள் சீக்கிரமே வந்து அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டன. விட்டுக்கொடுத்து ஒதுங்கியவை அல்ல, இடம் காலியாகக் காத்திருந்தவை.

சரி, மனிதனுக்கு வருவோம். உலக மக்கள்தொகை 1960களில் ஆண்டுக்கு 2 சதவீத வேகத்தில் கூடியது. இப்போது அது 1 சதவீதத்துக்கும் கீழே. அந்த மான்களைப் போல மேய ஒன்றுமில்லாமல் நேர்ந்ததல்ல இது. இதே காலத்தில் உணவு உற்பத்தி ஏறிக்கொண்டேதான் போனது. இரண்டு போதும், ஒன்று போதும் என்று வீடு வீடாக முடிவெடுத்ததால் வந்த இறக்கம். நீங்கள் லெம்மிங்குக்குக் கொடுத்த பட்டத்தை நான் இவர்களுக்குத்தான் கொடுப்பேன்.