நெறி கட்டினால் உடம்பு வேலை செய்கிறது

பினாங்கில் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் இரத்தம் பார்த்து ஓய்வுபெற்றவள் நான். நோய்க்கிருமியோடு உடம்பு எப்படிச் சண்டை போடுகிறது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு இந்த வாரம் பதில்.

“தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வரை வெறுங்காலில் நடந்தேன் அக்கா. குதிகாலில் கொப்புளம் உடைந்தது. மறுநாள் தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது. புண் காலில், வலி ஏன் அங்கே?” (பிறை)

கிருமி நுழைந்த சேதி போய்ச் சேரும் இடம் அதுதான் தம்பி. தோலுக்கடியில் காவல் இருக்கும் செல்கள் கிருமியின் துணுக்கைத் தூக்கிக்கொண்டு, நிணநீர்க் குழாய் வழியாகத் தொடை இடுக்கில் உள்ள நிணநீர்க் கணு என்ற சிறு முடிச்சுக்குப் போகும். அங்கே கூடியிருக்கும் வெள்ளணுக்களில் அந்தத் துணுக்குக்குப் பொருந்துபவை மட்டும் பெருகத் தொடங்கும். கணு வீங்கும், அதுதான் நெறி. “நெறி கட்டியிருக்கு, கால்ல எங்கயோ புண்ணு இருக்கு பாரு” என்று பாட்டிமார் சொன்னது முழுக்கச் சரி.

நெறியை நீவிவிடாதீர்கள். புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவி மூடுங்கள். புண்ணிலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, உங்களுக்கு இனிப்புநீர் இருந்தாலோ அன்றைக்கே கிளினிக் போங்கள்.

“சீழ் என்பது கெட்ட இரத்தம்தானே?” (ஆயர் ஈத்தாம்)

இல்லைம்மா. கிருமியை விழுங்கி, அங்கேயே செத்துப்போன நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள்தான் சீழில் பெரும்பகுதி. சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டில் பார்த்தால் அதன் உட்கரு, மூன்று நான்கு ஊதா மணிகளை நூலில் கோத்த மாதிரி இருக்கும். எத்தனை ஆயிரம் முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடியை எலும்பு மஜ்ஜை உண்டாக்குகிறது. இரத்தத்தில் இறங்கியபின் அவற்றின் ஆயுள் மிகக் குறைவு.

“மூன்று வயது மகனுக்கு 38.2 டிகிரி. உடனே பனடோல் கொடுக்கட்டுமா?” (ஜெலுத்தோங்)

ஓடி விளையாடி, தண்ணீர் குடிக்கிறானென்றால் அவசரமில்லை. சூட்டை ஏற்றுவது மூளைதான். அந்தச் சூட்டில் பல கிருமிகள் தளரும், வெள்ளணுக்கள் சுறுசுறுப்பாகும். பிள்ளை வாடிக் கிடந்தால் எடைக்கேற்ற அளவில் கொடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு 38 டிகிரி என்றாலே நேராக மருத்துவமனைதான்.

“2019-இல் டிங்கி வந்து தேறிவிட்டேன். இனி வராதுதானே?” (பட்டர்வொர்த்)

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள் ஐயா. டிங்கி வைரஸில் 4 வகை உண்டு. உங்களுக்கு வந்த வகையை உடம்பு நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும். மற்ற வகைகளிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பு சில மாதங்களில் போய்விடும். அதற்கப்புறம் வேறு வகை நுழைந்தால், முதல் டிங்கியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பழைய எதிர்ப்பொருள் (antibody) அதைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. பிடித்தபடியே சில வெள்ளணுக்களுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். வைரஸ் உள்ளே பல்கிப் பெருகும். இரண்டாவது டிங்கி சிலருக்குக் கடுமையாவது இதனால்தான்.

இன்னொன்று, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது “சரியாகிவிட்டது” என்று வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான நேரமே அதுதான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு, இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் இரண்டும் கூடாது; பாராசிட்டமால் மட்டும்.

“அப்போ பப்பாளி இலைச்சாறு?” (அவரே)

இரத்தம் உறைய உதவும் தட்டணுவை ஏற்றும் என்றுதான் அதைக் குடிக்கிறார்கள். தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் எனக்குப் பயம். நீர் கசிவதை அந்தச் சாறு நிறுத்தும் என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும், டாக்டர் சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள் ஐயா.