திட்டிக்கொண்டே ஏன் அதே கட்சிக்கு வேலை செய்கிறார்கள்?

கேள்வி இது: ‘ஆட்சிக்காலம் முழுக்கத் தங்கள் கட்சியையே திட்டித் தீர்க்கும் தொழிற்சங்கங்கள், தேர்தல் வந்ததும் அதே கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டுவது ஏன்?’

ஒட்டியவர்களில் நானும் ஒருவன். ஆலைச் சங்கம் ஒன்றின் செயற்குழுவில் நெடுங்காலம் இருந்தவன். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டாலும் கதை பெரிதாக மாறாது.

நேரடியான பதில்: எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, அது கட்சிக்கும் தெரியும். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்து வருவதுதான்.

எங்கள் கட்சி வென்று ஆட்சி அமைத்த புதிதில், கோரிக்கை மனுவோடு துறை அமைச்சரைப் பார்க்கப் போனோம். ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. அவர்களுடைய தேர்தல் அறிக்கையில் இருந்த வாசகத்தையே எழுத்து மாறாமல் மனுவில் போட்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் முதலாளிகள் சங்கத்தின் குழு உள்ளே போனது. தேநீர் போனது, கோப்புகள் போயின, துறைச் செயலாளரும் போனார். எங்கள் முறை வந்தபோது அமைச்சர் வேறொரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே மனுவை வாங்கினார், படம் எடுத்துக்கொண்டோம். “நீங்கள் நம்மவர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள மாட்டீர்களா? வெளியாட்களைப் போல நீங்களும் கொடி பிடித்தால் நான் எங்கே போவேன்?” என்று எங்கள் தலைவரின் தோளில் கை போட்டுக் கேட்டார். தலைவருக்கு அதில் பெருமைதான். வெளியே வந்து, “பாசமாகப் பேசினார் பாருங்கள்” என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

முதலாளிகள் அந்தக் கட்சிக்கு வாக்குக் கேட்டு வீடு வீடாக அலையவில்லை. ஆனால் அவர்கள் முதலீட்டை வேறு பக்கம் கொண்டுபோகலாம், நன்கொடையை எதிர்த்தரப்புக்கும் கொடுக்கலாம். அதனால் அவர்களைத் தினமும் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களை ஏற்கெனவே சரிக்கட்டியாகிவிட்டது. முகூர்த்தம் முடிந்த பிறகு சீர் பேசப் போன பெண்வீட்டார் நிலைமை எங்களுடையது.

இது எங்கள் ஆலையின் தனிக்கதை என்று நினைக்க வேண்டாம். கட்சியையே சங்கங்கள் பெற்று வளர்த்த பிரிட்டனிலும் இதே கதைதான். 1900-இல் தொழிற்சங்கங்களும் சில சோசலிச அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கிய குழுதான் 1906-இல் தொழிற்கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் பிரதமர் ஹரால்ட் வில்சன் காலத்தில், 1969-இல், வேலைநிறுத்தங்களுக்குக் கடிவாளம் போடும் திட்டத்தைக் கொண்டுவந்தவர் பார்பரா காசில். கட்சியின் இடதுசாரிகளில் முன்னணியில் இருந்தவர் அவர். 1997-இல் டோனி பிளேர் பெரும்பான்மையோடு வந்தார். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது, சங்க அங்கீகாரத்துக்குச் சட்ட வழி வந்தது. அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் முன்பு ஆண்ட எதிர்க்கட்சியான பழமைவாதக் கட்சியின் பிரதமர் மார்கரெட் தாட்சர் காலத்துச் சங்கக் கட்டுப்பாட்டுச் சட்டங்களில் பெரும்பகுதி அப்படியே நின்றது. அண்மையில் கியர் ஸ்டார்மர் அரசும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு உண்டு என்று வாக்களித்துவிட்டு, 2025-இல் அதை ஆறு மாதம் என்று மாற்றியது. முன்பு இரண்டு ஆண்டுகள் இருந்ததாம், ஆகவே இது முன்னேற்றமாம். உண்மைதான், முன்னேற்றம்தான். இந்தக் கட்சிகளோடு இருக்கும் சிக்கலே அது: முழுக்கக் கைவிட்டால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடலாம், பாதி கொடுப்பவனோடு என்ன செய்வது?

அமெரிக்காவில் இன்னும் கொடுமை. அங்கே சங்கங்கள் பணமும் ஆளும் கொட்டி ஜனநாயகக் கட்சியை வெல்ல வைக்கின்றன. 1965-இல், சங்கங்களைக் கட்டுப்படுத்தும் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தின் முக்கியமான பிரிவு ஒன்றை நீக்கும் முயற்சி, 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் காலத்தின் தொழிலாளர் சட்டச் சீர்திருத்தம், 2009-இல் சங்கம் அமைப்பதை எளிதாக்கும் மசோதா: மூன்று தடவையும் வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அக்கட்சியின் கையில் இருந்தன. மூன்றும் மேலவையான செனட்டைத் தாண்டவில்லை. முடிவில்லாத விவாதத்தால் மசோதாவை முடக்கும் விதி அங்கே உண்டு, சொந்தக் கட்சியில் நழுவும் சிலரும் எப்போதும் உண்டு. யாரும் எதிரி இல்லை, ஆனால் காரியம் மட்டும் நடக்காது.

2022 டிசம்பரில் சரக்கு ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நெருங்கியபோது, தன்னைச் சங்கங்களின் நண்பர் என்று சொல்லிக்கொண்ட ஜோ பைடன், சில சங்கங்களின் உறுப்பினர்கள் வாக்களித்து நிராகரித்த ஒப்பந்தத்தைச் சட்டம் போட்டுத் திணித்தார். ஏழு நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு கேட்ட தனித் தீர்மானம் செனட்டில் 52-43 என்று பெரும்பான்மை பெற்றும் தோற்றது, 60 வேண்டுமாம். அதே பைடன்தான் 2023 செப்டம்பரில் மிச்சிகனில் கார்த் தொழிலாளர்களின் மறியலில் போய் நின்றார். பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் அப்படி நின்றது அதுவே முதல் முறை. எந்தப் பைடனை நம்புவது என்று அந்த ரயில் தொழிலாளியிடம் கேட்டுப் பாருங்கள்.

‘அப்படியானால் விலகிவிட வேண்டியதுதானே?’ என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். விலகியவர்கள் உண்டு. கார்ட்டர் மேல் கடுப்பான வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் சங்கமான பாட்கோ 1980 தேர்தலில் எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகனை ஆதரித்தது. அவரும் ஒருகாலத்தில் நடிகர் சங்கத் தலைவராக இருந்தவர்தானே என்ற நம்பிக்கை. 1981 ஆகஸ்டு 3 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. 48 மணி நேரக் கெடு கொடுத்து, திரும்பாத 11,000-க்கும் அதிகமானவர்களை ரீகன் ஒட்டுமொத்தமாக வேலையிலிருந்து நீக்கினார். சங்கத்தின் அங்கீகாரமும் அதே ஆண்டில் பறிபோனது.

பிரிட்டனில் 1978-79 குளிர்காலமும் மறக்க முடியாதது. தொழிற்கட்சியின் ஜேம்ஸ் காலஹான் அரசு ஊதிய உயர்வுக்கு 5 விழுக்காடு என்று வரம்பு வைத்தது. விலைவாசியில் நசுங்கிய தொழிலாளர்கள் ஏற்கவில்லை. நியாயமான கோபம்தான். வேலைநிறுத்தங்கள் அடுக்கடுக்காக வந்தன. மார்ச் மாதம் ஒரே வாக்கில், 311-310 என்று, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசு கவிழ்ந்தது. மே மாதம் தாட்சர் வந்தார். பிறகு நடந்ததைச் சங்கங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எங்கள் கூட்டங்களில் யாராவது எழுந்து ‘கட்சிக்குப் பாடம் புகட்டுவோம்’ என்றால், தலைமை உடனே எடுத்து நீட்டும் பூச்சாண்டியும் இதுதான்: ‘அவர்கள் வந்தால் என்ன ஆகும் தெரியுமா?’

பூச்சாண்டி பொய்யில்லை. அதுதான் வேதனை. பிரிட்டனின் தீயணைப்பாளர் சங்கம் ஊதியப் போராட்டத்தில் சொந்தக் கட்சியின் அரசோடே மோதி 2004-இல் இணைப்பை முறித்துக்கொண்டது. 2015-இல் திரும்பி வந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சங்கத் தலைமையின் கோபத்தில் கொஞ்சம் நாடகமும் உண்டு. மே தின மேடையில் அரசை வறுத்தெடுத்தவர், மறுவாரம் வாரியப் பதவிக்கோ மேலவை இடத்துக்கோ பெயர் அடிபடுகிறது என்றால் குரலைத் தணித்துக்கொள்வார். வேலைநிறுத்த நோட்டீசை எந்தத் தேதியில் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது கட்சி மாநாட்டுத் தேதியையும் பார்த்துக்கொள்வார்கள். உறுப்பினர்களுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். சந்தாவைக் கட்டிவிட்டு வாக்கை வேறு சின்னத்தில் போடுகிறார்கள். அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்கள் உள்ளிட்டோரின் டீம்ஸ்டர்ஸ் சங்கம் 2024 அதிபர் தேர்தலில் யாரையும் ஆதரிக்காமல் ஒதுங்கிக்கொண்டதற்கு, உறுப்பினர்களில் பெரும்பகுதி குடியரசுக் கட்சியின் டிரம்ப் பக்கம் சாய்ந்திருந்தது ஒரு காரணம். படையே வேறு பக்கம் நிற்கும்போது தளபதி யாரோடு பேரம் பேசுவது?

பிறகு எதுதான் பலித்திருக்கிறது? பார்பரா காசிலின் அந்த 1969 திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சட்டமாகவில்லை. சங்கங்கள் கட்சியை விட்டுப் போகவில்லை, வாய்மூடியும் இருக்கவில்லை. அவர்களால் வென்ற நாடாளுமன்ற உறுப்பினர்களும், அமைச்சரவைக்குள்ளேயே காலஹானும் எதிர்த்து நின்றதால் வில்சன் பின்வாங்கினார். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சில நாட்களில் நிறுத்திவைப்பு, மே 1 அன்று திரும்பப் பெறும் அறிவிப்பு. இரண்டிலும் அழுத்தம் உள்ளிருந்தே, ஒரே ஒரு விஷயத்தின் மேல், உடனடியாக வந்தது. ‘பாசமான’ சந்திப்பில் அது நடக்காது.

கவனித்தால், இரண்டுமே வரவிருந்ததைத் தடுத்த வெற்றிகள். புதிதாக ஒன்றைப் பெறுவது வேறு கலை; அதற்குத் தேர்தலுக்கு முன்புதான் நேரம். வாக்கு விழுந்த பிறகு எங்கள் சரக்குக்கு விலை இல்லை. வேட்பாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து நிற்கும் அந்தச் சில வாரங்களில் மட்டும்தான் அவர் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அப்போது நாங்கள் மாலையோடு நிற்கிறோம்.

அரசியலே வேண்டாம், சங்கம் தனியாக இருக்கட்டும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1901-இல் பிரிட்டனின் டாஃப் வேல் ரயில்வே நிறுவன வழக்கில், வேலைநிறுத்தத்தால் வந்த நட்டத்துக்கு ரயில்வே சங்கமே பொறுப்பு என்று, அன்று உச்ச நீதிமன்றம் போலவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. 1906-இல் சட்டம் போட்டுத்தான் அதை மாற்ற முடிந்தது. சட்டம் போடும் இடத்தில் நமக்கு ஆள் இல்லாவிட்டால் வாயிற்கூட்டத்தில் எவ்வளவு கத்தினாலும் பயனில்லை.

எங்கள் சங்கத்தின் கடந்த பேரவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். கட்சிக்கு மொத்தமாக ஆதரவு கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளர், பணிநேரம், சங்க அங்கீகாரம் ஆகிய மூன்றிலும் எழுத்தில் உறுதி தரும் வேட்பாளருக்கு மட்டும் ஆளும் பணமும். முன்பு அவையில் எதிராக வாக்களித்தவருக்கு, அவர் நம் கட்சியே ஆனாலும், ஒன்றும் கிடையாது. காரசாரமான விவாதம் நடந்தது. ‘துரோகம்’ என்று கூடச் சிலர் கத்தினார்கள். குறைந்த வித்தியாசத்தில் நிறைவேறியது. மாநிலத் தலைமை அதை இன்னும் ஏற்கவில்லை. ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று கடிதம் வந்திருக்கிறது. அமைச்சர் அலுவலகத்திலிருந்து எங்கள் மனுவுக்கு வந்த பதிலிலும் இதே வாசகம்தான்.