சர்வைவர் பூல்: டியூக் அணியை எப்போது எடுக்கலாம்?

மார்ச் வந்தால் அமெரிக்க அலுவலகங்களில் பாதி வேலை கல்லூரிக் கூடைப்பந்துதான். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் 68 அணித் தொடருக்கு பிராக்கெட் (எல்லா ஆட்டத்திலும் யார் வெல்வார் என்று முன்கூட்டியே எழுதும் அட்டவணை) நிரப்பி அலுத்தவர்கள் இப்போது சர்வைவர் பூல் என்ற கணிப்புப் போட்டிப் பக்கம் வருகிறார்கள். தினம் ஓர் அணியைச் சொல்ல வேண்டும். அது வென்றால் நீங்கள் பிழைத்தீர்கள், தோற்றால் வெளியே. ஒருமுறை சொன்ன அணியை மறுபடி சொல்லக் கூடாது. இதைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

நாளுக்கு ஓர் அணியா, சுற்றுக்கு ஓர் அணியா? நாங்கள் 30 பேர்.

நாளுக்கு ஒன்று. சுற்றுக்கு ஒன்று என்றால் மொத்தமே 6 தெரிவு, சப்பென்று முடிந்துவிடும். நாள் கணக்கில் முதல் வாரம் வியாழன் முதல் ஞாயிறு வரை 4, அடுத்த வாரம் அதேபோல் 4, அரையிறுதிச் சனி ஒன்று, இறுதித் திங்கள் ஒன்று, ஆக 10. ஒஹாயோவின் டேட்டன் நகரில் செவ்வாய், புதன் நடக்கும் தொடக்க ஆட்டங்களை விட்டுவிடுங்கள். ஞாயிறு மாலை அட்டவணை வந்து, பூலில் ஆள் சேர்க்கவே உங்களுக்கு அந்த இரண்டு நாள் வேண்டும்.

வலுவான அணியைச் சொல்லி முதல் நாள் தப்பிப்பதுதானே புத்திசாலித்தனம்?

பார்க்க அப்படித்தான் இருக்கும். அணிகளை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1 (மிக வலுவானது) முதல் 16 வரை தரநிலை கொடுப்பார்கள். 64 அணி முறை வந்த 1985 முதல் 2025 வரை, 1-ஆம் தரநிலை அணிகள் 16-ஆம் தரநிலை அணிகளோடு 160 முறை மோதி 2 முறைதான் தோற்றிருக்கின்றன: 2018-இல் யுஎம்பிசியிடம் வர்ஜீனியா, 2023-இல் ஃபேர்லி டிக்கின்சனிடம் பர்டூ. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை கடைசி வாரத்தில்தான் தெரியும்.

பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். 7, 8-ஆம் நாட்கள் மண்டல இறுதி ஆட்டங்கள். அன்று நீங்கள் சொல்லும் அணி வென்றால் அது அரையிறுதி அணி. 9-ஆம் நாள் அரையிறுதி, 10-ஆம் நாள் இறுதி. ஆக, கடைசி நான்கு தெரிவுகளும் அரையிறுதிக்கு வந்த அந்த நான்கே அணிகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. அவற்றில் ஒன்றை முதல் 6 நாட்களில் தொட்டிருந்தாலும் உங்களால் 10-ஐ முடிக்க முடியாது. அதிலும் 7, 8-ஆம் நாள் சொல்பவை அரையிறுதியில் தோற்கப்போகும் இரண்டாகவும் இருக்க வேண்டும்.

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1-ஆம் தரநிலை அணிகள் நான்குமே அரையிறுதிக்கு வந்தன. 10 நாளும் பிழைக்க இருந்த வழி ஒன்றே ஒன்று: சனிக்கிழமை டியூக், ஞாயிறு ஆபர்ன், அரையிறுதியில் ஹூஸ்டன், இறுதியில் ஃபுளோரிடா. அரையிறுதியின் கடைசி நிமிடத்தில் 6 புள்ளி முன்னிலையில் இருந்த டியூக் அதை ஹூஸ்டனிடம் கோட்டை விட்டது. டியூக் வென்றிருந்தால் அரையிறுதியில் தோற்ற இரண்டும், ஹூஸ்டனும் ஆபர்னும், ஞாயிற்றுக்கிழமை மண்டலத்தை வென்றவை. சனிக்கிழமைக்குச் சொல்ல அணியே மிஞ்சியிருக்காது. உலகத்தில் யாராலும் 10-ஐ முடித்திருக்க முடியாது.

அதனால் முதல் வாரத்தில் 3 முதல் 6 வரை தரநிலை உள்ள, நீங்கள் அதிகம் நம்பாத அணிகளைச் செலவழியுங்கள். ஆபத்து இல்லாமல் இல்லை. 2024-இல் 3-ஆம் தரநிலையில் இருந்த கென்டக்கியைச் சொன்னவர்களை ஓக்லண்ட் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியது. (2022-இல் 2-ஆம் தரநிலையில் வந்து செயின்ட் பீட்டர்ஸிடம் தோற்றதும் இதே கென்டக்கிதான். நான் அந்த அணிப் பக்கமே போவதில்லை.) இரண்டாம் வார வியாழன், வெள்ளிக்கு மண்டல இறுதி வரை வந்து அங்கே விழும் என்று நீங்கள் நினைக்கும் அணி. 2025-இல் அலபாமாவும் டென்னசியும் அப்படிப்பட்டவை.

ஒரே நாளில் எல்லோரும் வெளியேறிவிட்டால் பரிசு யாருக்கு?

மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் இது அபூர்வமாக நடப்பதல்ல, பெரும்பாலும் நடப்பதே என்று புரியும். எனவே முதலில் எழுத வேண்டிய விதி இதுதான். அந்த நாளில் விழுந்தவர்களுக்குள் பங்கு பிரிக்கலாம். எனக்குப் பிடித்தது தரநிலைக் கூட்டல்: அவரவர் சொல்லி வென்ற அணிகளின் தரநிலை எண்களைக் கூட்டி, அதிகம் உள்ளவருக்குப் பரிசு. துணிந்து 6, 7-ஐச் சொன்னவருக்கு நியாயம் கிடைக்கும். எல்லோரையும் உயிர்ப்பித்து மறுநாள் தொடர்வது வேண்டவே வேண்டாம். அணி தீர்ந்துபோனவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

சொல்ல அணியே மிஞ்சாதவர் அன்றோடு வெளியேறியவர் என்பதையும் அதோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.

தெரிவைச் சொல்லக் கடைசி நேரம் எது? ஒருவர் மறந்துவிட்டால்?

அன்றைய முதல் ஆட்டம் தொடங்கும் நேரம். வியாழன், வெள்ளியில் அது கிழக்கு நேரப்படி நண்பகலை ஒட்டி வரும்; கலிஃபோர்னியாக்காரர்களுக்குக் காலை 9 மணி என்பதை முன்பே உரக்கச் சொல்லுங்கள். மறந்தவர் வெளியே. "வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்" என்பதற்கு ஒருமுறை இளகினால் பிறகு தினமும் இளக வேண்டும்.

ஆட்டமே ரத்தானால்?

நடந்திருக்கிறது. 2021-இல் விசியூ அணியில் கோவிட் வந்ததால் ஒரிகானுடனான ஆட்டம் நடக்கவில்லை, ஒரிகான் அடுத்த சுற்றுக்குப் போனது. முன்னேறிய அணியைச் சொன்னவர் பிழைத்தார், மற்றவர் வெளியே என்று வைத்துக்கொள்வதுதான் எளிது.

ஆளுக்கு 20 டாலர் போடுகிறோம். சட்டச் சிக்கல் வருமா? மகள் கல்லூரி டென்னிஸ் ஆடுகிறாள், அவளையும் சேர்க்கலாமா?

மகளைச் சேர்க்காதீர்கள். ஆடுவது டென்னிஸாக இருந்தாலும், பணம் கட்டி பரிசு வாங்கும் கல்லூரி விளையாட்டுப் பூலில் சேர்வதை என்சிஏஏ பந்தயமாகவே பார்க்கிறது. வீரர்களுக்கு மட்டுமல்ல, விளையாட்டுத் துறை ஊழியர்களுக்கும் இதே தடை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ரிக் நியூஹைசல் 2003-இல் வேலையிழந்தது இப்படியொரு அக்கம்பக்கத்துப் பூலில் பணம் போட்டது வெளிவந்துதான். அவர் பிறகு வழக்குப் போட்டு சமரசத்தில் பணம் வாங்கினார் என்பது வேறு கதை.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநில விதியைப் படியுங்கள். நடத்துபவர் ஒரு காசுகூடக் கமிஷன் எடுக்கக் கூடாது. நண்பர்களுக்குள் ஆடுவதைப் பொறுத்துக்கொள்ளும் மாநிலங்கள் பலவும் இதைத்தான் முதலில் கேட்கும். வென்ற பணம் வருமானவரிக் கணக்கில் வரும். அலுவலக மின்னஞ்சலில் வசூல் வேண்டாம்.

ஒருவரே இரண்டு பெயரில் சேரலாமா?

எல்லோருக்கும் அனுமதி என்றால் சரி.

மகளிர் தொடருக்கும் இதே விதிகள் பொருந்துமா?

பொருந்தும், நாட்களை மட்டும் மாற்றுங்கள். அங்கே முதல் ஆட்டங்கள் வெள்ளியில் தொடங்கி திங்கள் வரை போகும். அரையிறுதி வெள்ளி, இறுதி ஞாயிறு. ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் 4 தரநிலை அணிகள் முதல் இரண்டு சுற்றையும் சொந்த மைதானத்தில் ஆடுவதால் அதிர்ச்சித் தோல்விகள் குறைவு. (1998-இல் ஸ்டான்ஃபோர்டை அதன் மைதானத்திலேயே ஹார்வர்டு சாய்த்தது விதிவிலக்கு.) முதல் வாரத்தில் அதிகம் பேர் விழ மாட்டார்கள். அதனால் முதல் 4 நாட்களுக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு அணி என்று வைத்து, இரண்டும் வென்றால்தான் பிழைத்தார் என்று ஆடிப் பாருங்கள். 30 பேருக்கு அந்த வேகம் சரியாக இருக்கும்.