முயலின் அப்பா ஏன் செத்துப்போகிறார்?

கேள்வி: பத்து வருடமாகச் சிறுவர் கதை எழுதுகிறேன். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அப்பா போன ஆடியில் தவறிவிட்டார். அதற்கப்புறம் சிரிப்புக் கதை எழுத உட்கார்ந்தாலும் கடைசியில் முயலின் அப்பா செத்துப்போகிறார். "கஷ்டப்பட்டால்தான் நல்ல எழுத்து வரும், எழுது" என்கிறாள் தோழி. நிஜமா?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: தோழி ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார், விடுங்கள் அம்மா. கஷ்டம் எழுத்தைக் கொடுக்கும் என்றால் சென்னையில் பாதிப் பேர் இந்நேரம் புத்தகம் போட்டிருக்க வேண்டும்.

சத்யஜித் ராயின் அப்பா சுகுமார் ராய் 1921-ல் காலா அசார் காய்ச்சலில் விழுந்தார். இரண்டரை வருடம் இழுத்தது. அந்தப் படுக்கையில் இருந்தபடியே, குழந்தைகளுக்கான கிறுக்குப் பாட்டுகளைச் சேர்த்து 'ஆபோல் தாபோல்' என்ற புத்தகத்தைத் தயார் செய்தார். 1923 செப்டம்பர் 10-ல் போய்விட்டார், வயது 35. ஒன்பது நாள் கழித்துப் புத்தகம் வந்தது. ஆனால் அந்தக் குறும்பு நோய் கொடுத்ததில்லை, அதற்கு முன்பே அவர் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார். நோயால் அதைப் பிடுங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் நிலைமைக்கு, ஆங்கிலத்தில் சிறுவர் கதை எழுதிய ரோல்ட் டாலுக்கு நடந்ததுதான் இன்னும் பக்கத்தில் வருகிறது. 1962-ல் அவருடைய ஏழு வயது மகள் ஒலிவியா தட்டம்மை வந்து, அது மூளை வரை போய், இறந்துவிட்டாள். அந்த நாளை ஒரு நோட்டில் எழுதி உள்ளே வைத்துவிட்டார் மனிதர். 1990-ல் அவர் இறந்த பிறகுதான் அது வீட்டார் கையில் கிடைத்தது. குழந்தைகளின் அறைக்குள் கனவுகளை ஊதிவிடுகிற ராட்சசனின் கதையை 1982-ல் ஒலிவியாவுக்குச் சமர்ப்பணம் செய்தார். நடுவில் இருபது வருடம்! மகளின் சாவு அந்தக் கதையில் இல்லை.

அதனால் முயலின் அப்பா செத்துப்போகட்டும். தடுக்காதீர்கள், முழுசாக எழுதுங்கள், அழுகை வந்தால் அழுதுகொண்டே எழுதுங்கள். எழுதிப் பீரோவில் வையுங்கள், பத்திரிகைக்கு இப்போது வேண்டாம். வருஷத் திவசம்கூட வரவில்லை, அதற்குள் என்ன அவசரம்?

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தை நான் இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் அப்பாவின் டிபன் கேரியர் இரண்டு இடத்தில் வருகிறது. ஷிப்ட் முடிந்து வரும்போது மேலடுக்கில் உங்களுக்கென்று ஏதோ ஒன்று மிச்சம் இருக்குமாம், திறக்கும்வரை சொல்லமாட்டாராம். அந்த அடுக்கில் என்ன இருந்தது என்று மட்டும் நீங்கள் எழுதவே இல்லையே?