நடையும் காய்கறியும் காப்பீட்டுக்குள் வந்தால்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அமெரிக்காவில் இருக்கும் மகன் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அங்கே வயதானவர்களுக்கான அரசுக் காப்பீட்டில், உணவு, உடற்பயிற்சி, தூக்கம் என்று வாழ்க்கைமுறை மருத்துவத்தைச் சோதித்துப் பார்க்க 10 கோடி டாலர் ஒதுக்குகிறார்களாம். நடந்தால் நல்லது, காய்கறி சாப்பிட்டால் நல்லது என்று கண்டுபிடிக்கவா இவ்வளவு காசு? கம்பங்கூழும் கேப்பைக்களியும் தின்று காட்டில் உழைத்த நம் பெரியவர்களுக்குத் தெரியாததா? அந்தக் காசுக்கு ஜனங்களுக்குக் காய்கறியே வாங்கிக் கொடுத்துவிடலாமே. நம் முதலமைச்சர் காப்பீட்டில் இப்படி ஏதாவது வருமா? இன்னொன்று, என் மனைவிக்கு எட்டு வருடமாகச் சுகர். மாத்திரையை விட்டுவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறிவிடலாம் என்கிறார். உங்கள் கருத்து என்ன?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

மகன் அனுப்பிய செய்தி சரிதான். 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். மெடிகேர் என்பது 1965-ல் சட்டமான திட்டம், பெரும்பாலும் 65 வயது தாண்டியவர்களுக்கானது. அதில் இதுவரை பணம் தராத சில முறைகளை, சுமார் 10 கோடி டாலர் செலவில், 30 அமைப்புகள் வரை தேர்ந்தெடுத்து, மூன்று வருடம் நடத்திப் பார்க்கப் போகிறார்கள். எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும் அதில் உணவோ உடலுழைப்போ கட்டாயம் இருக்க வேண்டும். மறதி நோய்க்கென்று மூன்று இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நடந்தால் நல்லதா என்று பார்க்க யாரும் காசு ஒதுக்கவில்லை. அது எப்போதோ முடிந்த விஷயம். 2002-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், சுகர் வரும் நிலையில் இருந்தவர்களிடம் உணவையும் நடையையும் மாற்றியதில், நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையால் 31 சதவீதம்தான் குறைந்தது. நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இதைச் செய்து பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் 100-க்கு 55 பேருக்குச் சுகர் வந்துவிட்டது. உணவு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் 39 பேருக்கு வந்தது. நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பித்திருக்கிறார்கள். சின்ன விஷயமா இது?

அப்புறம் என்னதான் சோதனை? எங்கள் ஆனையூர்ப் பக்கம் பூக்கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். விடிகாலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நிற்பார். மல்லி வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பி, வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்க முடியாது. கை ஓயாது, கால் அசையாது. பசி தெரியாமலிருக்க இடையில் நாலைந்து டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சீனி. மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறும் குழம்பும். சாயங்காலம் கோயில் வாசலில் வியாபாரம். அவருக்கும் சுகர். மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் மாதாமாதம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார், அது பெரிய உதவி. ஆஸ்பத்திரியில் "காலையில அரை மணி நேரம் நடங்க, காய்கறி நிறையச் சேத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். வந்து என்னிடம் கேட்டார்: "நான் எந்தக் காலையில தம்பி நடக்க?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய ஒரு நாளைப் பார்த்து, எந்த டீயில் சீனியை விடலாம், இடையில் வேர்க்கடலையோ சுண்டலோ தின்றால் தாங்குமா, எத்தனை பந்து நூல் முடிந்ததும் எழுந்து தெருமுனைவரை போய்வரலாம் என்று பேச வேண்டும். ஒரு தடவை பேசினால் போதாது, மாதக்கணக்கில் பேச வேண்டும். அப்படிப் பேசும் ஆளுக்குச் சம்பளம் யார் தருவது, எவ்வளவு தருவது, அந்தச் சம்பளத்துக்கு ஈடாக நோய் குறைகிறதா? பொதுக் காசில் நடக்கும் காப்பீடு தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பெரியவர்களின் கேப்பைக்களியால் இதைச் சொல்ல முடியாது. அவர்கள் உடம்பை வேலை கட்டிக்காத்தது. அந்த வேலை போய்விட்டது.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கேரளாவின் நெய்யாற்றின்கரை தாலுகாவில் ஊர்க்காரர்களையே குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் துணையாக வைத்து இதே வேலையைச் செய்தார்கள். 2018-ல் வந்த முடிவில், சுகர் வருவது குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ராமச்சந்திரன் குழு இன்னொரு ஆய்வில் ஆண்களுக்கு அவ்வப்போது குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியது. இரண்டு வருடத்தில் 27 சதவீதம் பேருக்கு வர வேண்டிய சுகர் 18 சதவீதம் பேருக்கு வந்தது. ஊர் கூடிச் செய்தது சரியாக எடுபடவில்லை, செல்போன் செய்தி எடுபட்டது. செய்து பார்த்திருக்காவிட்டால் நானும் நீங்களும் இதைத் தலைகீழாகத்தான் ஊகித்திருப்போம்.

மெடிகேரிலேயே ஒரு பாடம் உண்டு. சுகர் தடுப்பு வகுப்புகளை அவர்கள் முதலில் சிறிதாக நடத்திப் பார்த்தபோது, ஆளுக்கு 15 மாதத்தில் 2,650 டாலர் மிச்சமானது. சரி என்று 2018-ல் நாடு முழுக்கத் திறந்தார்கள். முதல் மூன்று நான்கு வருடங்களில் சேர்ந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். வகுப்பு நடத்துபவருக்கான பணத்தில் பெரும்பகுதி, வந்தவர் எடை குறைந்தால்தான் என்று வைத்திருந்தார்கள். நடத்த ஆள் வரவில்லை. காசு எப்படிக் கைக்கு வருகிறது என்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

நம் காப்பீட்டுக்கு வருகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. இதய அறுவை சிகிச்சைக்கு உண்டு, டயாலிசிஸுக்கு உண்டு. எத்தனையோ ஏழை வீடுகள் கடனில் மூழ்காமல் இதனால் தப்பியிருக்கின்றன, அதில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கக் கூடாது. ஆனால் அந்த அக்காவின் சிறுநீரகம் கெட்ட பிறகு பணம் தரும் திட்டம், கெடாமலிருக்க அவரோடு உட்கார்ந்து பேசும் ஆளுக்குப் பத்து ரூபாய் தராது. எனக்கு இது பொறுக்கவில்லை. மதுரை மாவட்டத்திலேயே செய்து பார்க்கலாம். மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் சில ஊர்களில் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சியும் ஒழுங்கான சம்பளமும் கொடுத்து முதலில் தொடங்குவது. மற்ற ஊர்களில் இரண்டு வருடம் கழித்துத் தொடங்குவது. இரண்டு பக்கமும் மூன்று மாதச் சராசரி சர்க்கரையை அளப்பது. முடிவு தோல்வி என்றாலும் வெளியிடுவது.

அமெரிக்கத் திட்டத்தில் எனக்கு ஒரு பயம் உண்டு. வாழ்க்கைமுறை மருத்துவத்தோடு, நோயின் மூல காரணத்தைத் தேடி வைத்தியம் செய்கிறோம் என்று சொல்லும் 'ஃபங்ஷனல் மெடிசின்' என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் நல்ல ஆலோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள், தேவையில்லாத ரத்தப் பரிசோதனையும் டப்பா டப்பாவாகச் சத்து மாத்திரையும் விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு வைக்காமல் நடத்தினால், அரசுக் காசில் அவர்களுக்கு முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும். நம் ஊரில் செய்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கப்போவது பொடி விற்பவர்கள்தான்.

காய்கறியே வாங்கிக் கொடுக்கலாமே என்கிறீர்கள். நல்ல யோசனை. 2023-ல் நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேப்பை கொடுக்கத் தொடங்கினார்கள். அதுபோலப் பருப்போ காயோ கொடுத்து, சர்க்கரை இறங்குகிறதா என்று அதையும் இதே சோதனையில் ஒரு பிரிவாக வைக்கலாம். கொடுத்த காய் வீட்டில் யார் தட்டுக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த அக்கா நிச்சயம் பேரனுக்குத்தான் வைப்பார்.

கடைசியாக, உங்கள் வீட்டு அம்மா விஷயம். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் சுகர் இன்னும் வராதவர்களிடம் நடந்தவை, எட்டு வருடச் சுகருக்கு அப்படியே பொருந்தாது. சிறுதானியமும் மாவுச்சத்துதான். அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை, ஆனால் கேப்பைக்களி ரெண்டு உருண்டை கூடிப்போனால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். முதலில் மூன்று மாதச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். உணவை மாற்றிக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், மாத்திரையைக் குறைப்பதை அவர் முடிவு செய்யட்டும். இடையில் மயக்கம், கை நடுக்கம், திடீர் வியர்வை வந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.